மக்கு என்று ஒரு பிள்ளையும் இல்லை!

“இவனுக்குப் படிப்பு ஏறாதப்பா! வருஷத்தை வீணாக்காதே. ஏதாவது தொழிலில் சேர்த்துவிடு!”

ஆலைத் தொழிலாளி வீட்டிலும் சரி, விவசாயத் தொழிலாளி குடிசையிலும் சரி, இந்த வார்த்தையைக் கேட்காத குடும்பம் உண்டா? வாத்தியார் சொல்கிறார். தகப்பன் நம்புகிறான். தாய், “நம் தலையெழுத்து” என்று கண்ணைத் துடைத்துக் கொள்கிறாள். கடைசியில் பிள்ளையே அதை நம்பிவிடுகிறது. அத்தோடு சரி. புத்தகப் பை பரணுக்குப் போகிறது. பிள்ளை பட்டறைக்கோ, ஓட்டலுக்கோ, செங்கல் சூளைக்கோ போகிறது.

நாம் கேட்கிறோம்: இந்தத் தீர்ப்பை எழுதியது யார்? எந்தப் பரிசோதனையை நடத்திவிட்டு எழுதினார்கள்? ஓடிக் கொண்டிருந்த மெஷின் நின்றுபோனால், ஃபிட்டரைக் கூப்பிட்டுப் பார்க்காமலே பழைய இரும்புக்கு எடைபோடும் முதலாளி உண்டா? இரும்புக்குக் கிடைக்கும் அந்த மரியாதைகூட நம் பிள்ளைக்கு இல்லையா?

கால் ஊனமான பிள்ளையைக் கண்டால் ஊரே இரங்குகிறது. கண் தெரியாத பிள்ளைக்கு எல்லோரும் வழிவிடுகிறார்கள். ஆனால் பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாமல், உள்ளுக்குள் ஒரு தடையைச் சுமந்துகொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? வசவு, அடி, கடைசி பெஞ்சி! கண்ணுக்குத் தெரியாத இந்த ஊனத்தைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

நாமும் செய்த தவறு

சில வருஷங்களுக்கு முன் நடந்த சம்பவம் இது. நூல் மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் வேலை செய்யும் தோழர் ஒருவர், தம் மகனையும் அழைத்துக்கொண்டு சங்க ஆபீசுக்கு வருவார். பையன் அப்போது ஏழாம் வகுப்பு. ஒரு நாள் சம்பளச் சீட்டைப் பற்றித் தகராறு. எத்தனை ஷிப்டு, எவ்வளவு படி, எவ்வளவு பிடித்தம் என்று தகப்பனார் வாயால் சொல்லச் சொல்ல, பென்சிலும் காகிதமும் இல்லாமல் பையன் மனதுக்குள்ளேயே கூட்டினான். “மாமா, ரெண்டு ஷிப்டு கூலி குறையுது!” என்றான். நாம் காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். பையன் சொன்னதே சரி!

மகிழ்ந்துபோய் நமது பத்திரிகையை அவன் கையில் கொடுத்து, “எங்கே, தலைப்பை வாசி தம்பி!” என்றோம். பையனின் முகம் வாடிவிட்டது. ‘தொழிலாளர்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தான். “தெ... ழி...” என்றான். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். நெற்றியில் வியர்வை அரும்பியது. தகப்பனார் கையை ஓங்கினார். நாம் தடுத்தோம்.

தடுத்துவிட்டு நாம் சொன்னது என்ன? “அடிக்காதீங்க தோழர்! எல்லோருக்கும் படிப்பு வந்துடுமா? லேத் பட்டறையில் விடுங்க, கைத்தொழில் கத்துக்கட்டும்” என்றோம். உழைப்பாளி மக்களுக்குக் கல்வி வேண்டும் என்று மேடைதோறும் முழங்கும் நாமே, ஒரு உழைப்பாளியின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கதவைச் சாத்தப் பார்த்தோம்! இதை மறைக்காமல் எழுதுகிறோம். ஏனென்றால், இதே புத்திமதியை நம் சங்கங்களில் எத்தனையோ பேர் நல்ல எண்ணத்தோடு சொல்லிக் கொண்டிருக்கிறார்கள்.

பையனைக் காப்பாற்றியது நாம் அல்ல. சம்பளம் சம்பந்தமாக மகஜர் எழுதுவதற்காக ஒரு அம்மையார் ஆபீசுக்கு வந்தார். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் வேலை, வெறும் தொகுப்பூதியம். பேச்சோடு பேச்சாக இந்தப் பையனைப் பற்றிச் சொன்னோம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “தோழர், கணக்கை மனசிலேயே போடறான், எழுத்து மட்டும் வரலைன்னா அவன் மக்கு இல்லை. அவனை நான் பார்க்கணும்” என்றார்.

புத்தி பழுதல்ல

அவர் பார்த்தார். பையனுக்கு இருந்தது டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடு. கண்ணில் பழுதில்லை, காதில் பழுதில்லை, புத்தியிலும் பழுதில்லை. எழுத்தின் வடிவத்தையும் அதன் ஒலியையும் கோத்துச் சொல்லாக்கும் வேலை மட்டும் மூளைக்குச் சிரமமாக இருக்கிறது. இது சோம்பலால் வருவதல்ல. கூடப் பிறந்தது.

இது நேற்று முளைத்த நாகரிகப் பேச்சு என்று யாரும் எண்ண வேண்டாம். 1896லேயே பிரிங்கில் மார்கன் என்ற இங்கிலாந்து டாக்டர், 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். சுறுசுறுப்பானவன், விளையாட்டில் யாருக்கும் சளைத்தவனல்ல, கணக்கு வரும், எழுத்து மட்டும் வராது. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளிக்கூடத்திலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய வாத்தியார் சொன்னதையும் அந்த டாக்டர் பதிவு செய்திருக்கிறார். நூற்றிருபது வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. இன்னும் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பெயர் ‘மக்கு’!

நம் தமிழ் எழுத்தையே பாருங்கள். ‘தொ’ என்று எழுதும்போது கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது. வாயில் வருவதோ ஒரே ஒலி. கண் இடமிருந்து வலமாகப் பார்த்தாலும், எழுத்தைச் சுற்றி நிற்கும் இந்த இரண்டு குறிகளையும் மனம் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். நாம் பழகிவிட்டதால் இது நமக்குத் தெரிவதில்லை. அந்தப் பிள்ளைக்கோ ஒவ்வொரு சொல்லும் ஒரு மேடு! ல, ள, ழ என்றும் ன, ண, ந என்றும் வரும் இடங்களில் அவன் தடுக்கி விழுகிறான். விழுந்தவனைத் தூக்கிவிடாமல், மேலும் ஒரு அடி!

ஆலைத் தோழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீளமான இழையுள்ள பஞ்சுக்கு ரோலர்களின் இடைவெளி ஒரு மாதிரி. குட்டையான இழைக்கு வேறு மாதிரி. செட்டிங்கை மாற்றாமல் ஓட்டினால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அப்போது பஞ்சையா குற்றம் சொல்வீர்கள்? செட்டிங்கை மாற்றாதவனைத்தானே கேட்பீர்கள்! மணலில் எழுதிப் பார்ப்பது, ஒலியைப் பிரித்துச் சொல்லிச் சேர்ப்பது, அவசரப்படுத்தாமல் திரும்பத் திரும்ப வாசிக்க வைப்பது – இவையெல்லாம் செட்டிங்கை மாற்றும் வழிகள். கற்றுக் கொடுக்கும் முறை மாறினால் இந்தப் பிள்ளைகளும் கற்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஊனம் இது ஒன்று மட்டுமல்ல. சில பிள்ளைகள் பாடம் நடக்கும்போதே சில விநாடி வெறித்துப் பார்த்தபடி நின்றுவிடும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் விழிக்கும். ஒரே நாளில் பல தடவை இப்படி நடக்கும். “பகல் கனவா காண்கிறாய்?” என்று குட்டு விழும். அது வலிப்பு நோயின் ஒரு வகை. மாத்திரையால் கட்டுப்படக் கூடியது. சில பிள்ளைகளால் ஓரிடத்தில் உட்காரவோ, கவனத்தை ஒன்றில் நிறுத்தவோ முடியாது. அது அடங்காத்தனம் அல்ல. நீலகிரி ஆதிவாசி மக்களிடம் அரிவாள் செல் ரத்தச்சோகை இருப்பது 1952லேயே கண்டறியப்பட்டது. அந்த நோயுள்ள பிள்ளை இன்று ஓடி விளையாடும். நாளை எலும்பு வலியில் சுருண்டு படுக்கும். வருகைப் பதிவேட்டில் மட்டும் ‘பள்ளிக்கு ஒழுங்காக வராதவன்’!

ஒரு பெண்ணின் கேள்வி

விவசாயத் தொழிலாளி ஒருவரின் மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்தே அவள் காதில் சீழ் வடிந்தது. தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விடுவாள். பாட்டி எண்ணெய் காய்ச்சி ஊற்றுவாள். வகுப்பில் கூப்பிட்டால் இவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். “திமிர் பிடித்த கழுதை” என்று பெயர் வாங்கினாள். கேள்வி காதில் விழாததால் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததால் மக்கு என்றார்கள். எட்டாம் வகுப்போடு நின்றாள். சில வருஷம் கழித்துப் புரோக்கர் வந்தான். நூற்பாலை ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஆலையில் ஒரு பிரச்னைக்காகப் பெண் தொழிலாளரைச் சந்தித்தபோதுதான் அவளைக் கண்டோம். வயது 19. நாம் பேசும்போது நம் வாயையே பார்த்துக் கொண்டிருந்தாள். சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம். இரண்டு காதிலும் சவ்வு ஓட்டை, கேட்கும் சக்தி வெகுவாகக் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். காலத்தில் வைத்தியம் செய்திருக்கலாம். அதுகூட வேண்டாம், முன் பெஞ்சியில் உட்கார வைத்திருந்தாலே பாதிப் பாடம் காதில் விழுந்திருக்கும்! காது நொந்த பெண்ணைத்தான் இரவும் பகலும் ஸ்பிண்டில்களின் இரைச்சலுக்கு நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள்.

டாக்டர் சொன்னதை உரக்கச் சொல்லி விளக்கினோம். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: “அப்போ நான் மக்கு இல்லையாண்ணே?”

இந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது? அந்த வாத்தியாரா? கல்வி இலாகாவா? அவளுடைய ஊரில் இருந்தும் அவளைக் கவனிக்காத நமது சங்கமா?

மறுபடியும் குலக்கல்வியா?

1953இல் இந்த மாகாணத்தில் ஒரு கல்வித் திட்டம் கொண்டு வந்தார்கள். பாதி நாள் பள்ளிக்கூடம். பாதி நாள் அப்பன் தொழில். ‘குலக்கல்வி’ என்று நாடே கொதித்து எழுந்தது. 1954இல் அந்தத் திட்டம் குழிதோண்டிப் புதைக்கப்பட்டது. ஆனால் எந்தச் சட்டமும் இல்லாமல், எந்த மந்திரியின் கையெழுத்தும் இல்லாமல், ‘படிப்பு ஏறாது’ என்ற இரண்டே வார்த்தைகளால் அதே திட்டம் இன்றும் நடக்கிறது! அன்று பாதி நாள். இன்று முழு நாள்!

இந்தக் குறைபாடு ஏழைக்கு மட்டும் வருவதில்லை. பணக்காரன் வீட்டிலும் பிறக்கிறது. ஆனால் அங்கே அதற்கு டாக்டர் உண்டு, தனிப் பரிசோதனை உண்டு, வீட்டுக்கு வந்து கற்றுக் கொடுக்கும் ஆசிரியை உண்டு. 2007இல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ என்ற ஹிந்திப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் பையனுடைய தகப்பனுக்குப் பணம் கட்டி ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்க முடிந்தது. அங்கே ஒரு நல்ல ஆசிரியர் கிடைத்தார். நல்ல படம்தான். ஆனால் நம் பிள்ளைகளின் கதியை அதிர்ஷ்டவசமாக வரும் ஒரு நல்ல ஆசிரியரை நம்பி விட முடியுமா? குறை எல்லோருக்கும் பொது. அதற்கான பரிகாரம் மட்டும் பணம் உள்ளவனுக்கு என்றால், இதில் இயற்கையின் குற்றம் எவ்வளவு, சமுதாயத்தின் குற்றம் எவ்வளவு?

சட்டம் என்ன சொல்கிறது?

நாம் பிச்சை கேட்கவில்லை. சட்டத்தில் எழுதியிருப்பதைக் கேட்கிறோம்.

1995ஆம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டம் 7 வகை ஊனங்களைத்தான் ஏற்றுக் கொண்டது. கற்றல் குறைபாட்டுக்கு அதில் இடமில்லை. பல வருஷப் போராட்டத்துக்குப் பின், 2016இல் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறியது. 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. இதில் 21 வகைகள் உள்ளன. கற்றல் குறைபாடு, ஆட்டிசம், காது மந்தம், அரிவாள் செல் நோய் எல்லாம் இதில் அடக்கம்.

அந்தச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, பிள்ளைகளின் கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரத்தில் கண்டுபிடித்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டியது பள்ளிக்கூடத்தின் பொறுப்பு என்கிறது. சர்க்கார் பள்ளிக்கு மட்டுமல்ல. சர்க்காரின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற எல்லாப் பள்ளிக்கும் இது பொருந்தும். 17ஆவது பிரிவு, பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், இரண்டாவது மூன்றாவது மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்யச் சொல்கிறது. மத்திய சர்க்காரின் விதிமுறைப்படி மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும். அதாவது 3 மணிப் பரீட்சைக்கு மேலும் 1 மணி.

2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பிள்ளையை அடிப்பதை மட்டுமல்ல, மனதை வதைப்பதையும் தடை செய்திருக்கிறது. வகுப்பில் நிறுத்தி ‘மக்கு’ என்று திட்டுவது மனவதை இல்லாமல் வேறு என்ன?

சட்டம் இருக்கிறது. ஆனால் அது தானாக நடந்து நம் வீட்டுக்கு வருமா? எட்டு மணி வேலைச் சட்டமே போராடாமல் ஆலைக்குள் நுழையவில்லையே!

வாத்தியார் நம் எதிரியா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு வாத்தியார் ஐந்து வகுப்பை நடத்தும் பள்ளிக்கூடங்கள் நம் கிராமங்களில் உண்டு. அவர்கள் தலையிலேதான் வாக்காளர் பட்டியல், கணக்கெடுப்பு எல்லாம். இந்தக் குறைபாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பலருக்குப் பயிற்சியே தரப்படவில்லை. அவர்களும் சம்பளத் தொழிலாளிகளே.

உள்ள கோளாறு எங்கே? சிறப்புப் பயிற்றுநர்கள் போதுமான எண்ணிக்கையில் இல்லை. உள்ளவர்களும் பல்லாண்டு காலம் தொகுப்பூதியத்தில், ஒருவரே பல பள்ளிகளுக்கு அலைந்து வேலை செய்தவர்கள். 2021இல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு விகிதம் சொன்னது: ஆரம்பப் பள்ளியில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கு ஒருவர். 2025 மார்ச்சில் அதே கோர்ட்டு, பணியிடங்களை நிர்ணயித்து அறிவிக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. மூன்று வருஷத்துக்கு மேலாக உத்தரவு காகிதத்தில் தூங்கியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மத்திய சர்க்கார் செய்தது என்ன? 2024-25ஆம் வருஷத்துக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழகத்துக்கு வர வேண்டியிருந்த சுமார் 2,152 கோடி ரூபாயை, பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்ற காரணம் காட்டி நிறுத்தி வைத்தது. 2025இல் மாநில சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தது. சிறப்புப் பயிற்றுநரின் ஊதியமும் இந்தத் திட்டப் பணத்தில்தான் இருக்கிறது. டில்லிக்கும் சென்னைக்கும் நடக்கும் வழக்கில் அடிபடுவது யார்? கடைசி பெஞ்சிப் பிள்ளை!

கணக்கிலாவது இந்தப் பிள்ளைகள் இருக்கிறார்களா? 2011 ஜனத்தொகைக் கணக்கில் இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் ஊனமுற்றோர் என்று எழுதினார்கள். அதற்காக வைத்திருந்தது 8 வகைகள். கற்றல் குறைபாடு என்ற பத்தி அதில் இல்லை. எண்ணப்படாதவனுக்கு யார் பணம் ஒதுக்குவார்கள்?

சில ஆட்சேபங்கள்

“கூடுதல் நேரம் கொடுத்தால் மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம் அல்லவா?” என்று சிலர் கேட்கிறார்கள். கிட்டப்பார்வை உள்ள பிள்ளை கண்ணாடி போட்டுக்கொண்டு பரீட்சை எழுதுகிறது. அது மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயமா? கண்ணாடி விடையைச் சொல்லித் தருவதில்லை. கேள்வியைப் படிக்க உதவுகிறது. கூடுதல் நேரமும் அப்படித்தான்.

“ஊனச் சர்டிபிகேட் வாங்கினால் ஊரில் பேசுவார்கள், பெண் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகாது” என்று தாய்மார்கள் பயப்படுகிறார்கள். இந்தப் பயத்தை நாம் ஏளனம் செய்யக் கூடாது. ஆனால் ஒன்று கேட்கிறோம்: ‘மக்கு’ என்ற பட்டத்தை ஊர் ஏற்கெனவே கட்டிவிட்டதே! அந்தப் பட்டத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இந்தச் சர்டிபிகேட்டால் உரிமையாவது கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் சலுகை வாங்கிக் கொடுத்துவிட்டு, காரியம் முடிந்தது என்று கை கழுவுவதும் தவறு. விலக்கு என்பது கற்றுக் கொடுக்காமல் இருப்பதற்குச் சாக்கு அல்ல. மூன்றாம் வகுப்பிலேயே கண்டுபிடித்து, முறையாகக் கற்றுக் கொடுப்பதே முதல் காரியம். சலுகை அதற்குப் பிறகுதான்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

அந்த ஸ்பின்னிங் தோழரிடம் திரும்புவோம். மகனுக்காக அவர் மூன்று முறை பள்ளிக்கூடம் போனார். மூன்று ஷிப்டுக் கூலி போயிற்று. “உங்க பையனுக்குக் கை கால் நல்லாத்தானே இருக்கு? எதுக்கு ஊனச் சர்டிபிகேட்?” என்று திருப்பி அனுப்பினார்கள். நாலாவது முறை அவர் தனியாகப் போகவில்லை. சங்கத்திலிருந்து இரண்டு பேர் கூடப் போனார்கள். கையில் எழுத்து மூலமான மனு. அதில் 2016ஆம் வருஷத்துச் சட்டத்தின் பிரிவு. நகலில் பள்ளிக்கூடத்து முத்திரை. தலைமையாசிரியர் கெட்ட மனிதர் அல்ல. சட்டத்தை வாங்கிப் படித்துவிட்டு, “இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே!” என்றார். பிறகு மாவட்ட ஆஸ்பத்திரி, மெடிக்கல் போர்டு, சர்டிபிகேட். சிறப்புப் பயிற்றுநர் அம்மையார் வாரம் தவறாமல் வந்து கற்றுக் கொடுத்தார். பையன் பத்தாம் வகுப்புப் பரீட்சையைக் கூடுதல் நேரத்தோடு எழுதித் தேறினான். இன்று ஐ.டி.ஐ.யில் படிக்கிறான். இப்போதும் மெதுவாகத்தான் வாசிக்கிறான். ஆனால் வாசிக்கிறான்! சென்ற மாதம் நமது பத்திரிகையின் முதல் பக்கத்தை, விரலை வைத்துக்கொண்டு, கடைசி வரி வரை வாசித்துக் காட்டினான்.

இந்த அனுபவத்திலிருந்து நாம் கற்றது ஒன்றுதான். மானேஜர் அறைக்குத் தொழிலாளியைத் தனியாக அனுப்பமாட்டோம் அல்லவா? அதுபோல, தலைமையாசிரியர் அறைக்கும் மெடிக்கல் போர்டுக்கும் எந்தத் தாயையும் தனியாக அனுப்பக் கூடாது!

தோழர்களே! உடனே செய்யக் கூடியவை இவை:

1. பிள்ளையைக் கவனியுங்கள். வாயால் பாடம் சொல்லும் பிள்ளை எழுத்தில் மட்டும் தடுமாறுகிறதா? கூப்பிட்டால் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்துகொள்கிறதா? போர்டை விட்டுப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறதா? அடிக்கடி வெறித்துப் பார்த்து நிற்கிறதா? கையை ஓங்காதீர்கள். டாக்டரிடமும் வட்டார வள மையத்துக்கும் அழைத்துப் போங்கள். ஈ.எஸ்.ஐ.யில் உள்ள தொழிலாளியின் குடும்பத்துக்கு வைத்திய உரிமை உண்டு. 2013 முதல் நடக்கும் சிறார் நலத் திட்டத்தில் பள்ளிக்கே வரும் மருத்துவக் குழு காது, கண், வலிப்பு, கற்றல் குறைபாடு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ‘எங்கள் ஊர்ப் பள்ளிக்கு எப்போது வந்தது?’ என்று கேளுங்கள்.

2. வாய்ப்பேச்சு வேண்டாம். மனுவை எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்க ஆபீசில் எழுதித் தர வேண்டும்.

3. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நாற்காலிகளில் நடவு நடும் பெண்களும் மில் தொழிலாளரின் மனைவிமாரும் உட்கார வேண்டும். கூட்டம் கூலி நேரத்தில் நடந்தால், மாலைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

4. ஒவ்வொரு கிளைச் சங்கமும், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். ஏன் நின்றது என்று கேளுங்கள். ‘படிப்பு ஏறவில்லை’ என்ற பதிலோடு திரும்பாதீர்கள். விசாரணையை அங்கே இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

சர்க்காரிடம் நாம் கேட்பது: சுப்ரீம் கோர்ட்டு சொன்ன விகிதப்படி சிறப்பு ஆசிரியர்களை நியமி, நிரந்தர வேலை கொடு! எல்லா வாத்தியார்களுக்கும் இதில் பயிற்சி கொடு! மெடிக்கல் போர்டைத் தாலுகாவுக்குக் கொண்டு வா! 2027 ஜனத்தொகைக் கணக்கில் 21 வகைகளையும் எண்ணு!

ஆலை நிர்வாகத்திடம் கேட்பது: பிள்ளையை மெடிக்கல் போர்டுக்கு அழைத்துப் போகும் நாளுக்குச் சம்பளத்துடன் லீவு. அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இதுவும் சேரட்டும். ‘இது கூலிப் பிரச்னை அல்லவே’ என்று யாராவது சொன்னால், மூன்று ஷிப்டை இழந்த அந்தத் தகப்பனைக் கேட்கச் சொல்லுங்கள்!

சம்பளச் சீட்டில் ஒரு ரூபாய் குறைந்தால் நாம் விடுவதில்லை. நம் பிள்ளையின் வாழ்நாள் முழுவதையும் ‘படிப்பு ஏறாது’ என்ற கணக்கில் பிடித்தம் செய்கிறார்களே, அதை விடலாமா?

“அப்போ நான் மக்கு இல்லையாண்ணே?” என்று கேட்ட அந்தப் பெண்ணுக்கு, “இல்லையம்மா, நீ ஒருநாளும் மக்கு இல்லை” என்று சொன்னோம். 19 வயதில் அந்தப் பதில் கிடைத்தது. அவளுடைய தெருவில் இன்று மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு அது இந்த வருஷமே கிடைக்க வேண்டும். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர்கள் நாமே!